ரேடார் சிமுலேட்டர் சான்றிதழுக்குப் பணம் கட்டும் முன்

மகன் ஈசிஇ (மின்னணு, தகவல்தொடர்புப் பொறியியல்) மூன்றாம் ஆண்டு. நிஜ ரேடார் திரையைப் போலவே காட்டிப் பழக்கும் ரேடார் பயிற்சி சிமுலேட்டர்களின் சந்தை வளர்கிறது என்று எங்கோ படித்துவிட்டு, ஆறு மாதச் சான்றிதழ் வகுப்பில் சேரப் பணம் கேட்கிறான், கட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போதைக்குக் கட்டாதீர்கள். துறை வளர்வது உண்மைதான். அதில் வேலை யாருக்கு என்பதுதான் விளம்பரத்தில் இருக்காது.

சிமுலேட்டரில் உட்கார்ந்து பழகுகிறவர் வேறு, சிமுலேட்டரைச் செய்கிறவர் வேறு. விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர், கடற்படை ரேடார் இயக்குபவர், வணிகக் கப்பல் அதிகாரி ஆகியோர் முதல் வகை. பொறியாளர் இரண்டாம் வகை. மகன் எந்தப் பக்கம் என்பதை முதலில் அவனே சொல்லட்டும்.

கட்டுப்பாட்டாளர் ஆக வேண்டுமென்றால், இந்திய விமான நிலைய ஆணையத்தின் ஜூனியர் எக்ஸிகியூட்டிவ் தேர்வு எழுத வேண்டும். இயற்பியலும் கணிதமும் படித்த பி.எஸ்சி. போதும். பி.இ. என்றால், ஏதாவது ஒரு செமஸ்டரில் இந்த இரண்டு பாடமும் இருந்திருக்க வேண்டும். பொதுப்பிரிவுக்கு வயது வரம்பு 27. எழுத்துத் தேர்வுக்குப் பிறகு குரல் தேர்வு, உளவியல் தேர்வு, மருத்துவப் பரிசோதனை எல்லாம் உண்டு. நிறப்பார்வையை இப்போதே கண் மருத்துவரிடம் ஒருமுறை பார்த்துவிடுங்கள், இரண்டு வருடம் படித்த பிறகு தெரியவந்தால் வீண். தேர்வானவர்களுக்குப் பிரயாக்ராஜில் உள்ள பயிற்சிக் கல்லூரி போன்ற இடங்களில் ஆணையமே சிமுலேட்டர் பயிற்சி தந்துவிடும். அதை வெளியில் காசு கொடுத்து முன்கூட்டியே படித்து வருவதற்குத் தனி மதிப்பெண் கிடையாது. கப்பல் அதிகாரிகளுக்கான ரேடார் வகுப்பு கடல் பணிக்குப் போகிறவர்களுக்கு மட்டுமே பயன்படும், ஈசிஇ மாணவனுக்கு வேண்டாம்.

இனி செய்கிறவர் பக்கம். நிஜ ரேடாரை இயக்கினால் அதன் அலைவரிசையையும் இயங்கும் விதத்தையும் எதிரி ஒட்டுக்கேட்க முடியும். ரேடாரைக் குழப்பும் அலைகளை அனுப்பி (ஜாமிங்) பழகினால் அக்கம்பக்கத் தகவல்தொடர்பு கெடும். இரண்டு பயணிகள் விமானங்களை நெருங்க விட்டுக் கட்டுப்பாட்டாளருக்குப் பாடம் நடத்தவும் முடியாது. அதனால்தான் சிமுலேட்டருக்குத் தேவை. முப்படைகளும் சிமுலேட்டரைக் கூடுதலாகப் பயன்படுத்துவதற்கான நெறிமுறையைப் பாதுகாப்பு அமைச்சகம் 2021 செப்டம்பரில் வெளியிட்டது. பெங்களூரில் பொதுத்துறை நிறுவனமான பாரத் எலக்ட்ரானிக்ஸும், பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டிஆர்டிஓவின் ரேடார் ஆய்வகமான எல்ஆர்டிஇயும் இருக்கின்றன. ஹைதராபாத்தில் பயிற்சி சிமுலேட்டர் செய்யும் ஜென் டெக்னாலஜிஸ், சிறுசேரியில் ரேடார் மின்னணுவியலில் இருக்கும் டேட்டா பேட்டர்ன்ஸ் என்று தனியாரும் உண்டு. ஆனால் சந்தை பெரிதாவதால் ஆள் எடுப்பும் அதே அளவுக்குப் பெரிதாகும் என்று கணக்குப் போடாதீர்கள். ஐடி கம்பெனி மாதிரி காம்பஸுக்கு வந்து நூறு பேரை அள்ளிக்கொண்டு போகும் துறையில்லை இது. ஒரு திட்டத்தில் ரேடார் மாதிரியை (ரேடாரைப் போல நடக்கும் நிரலை) எழுதும் குழு சிறியதாகத்தான் இருக்கும். அந்தக் குழுவுக்கு ரேடார் இயற்பியலும் தெரிய வேண்டும், சி++ கையில் ஓட வேண்டும். இரண்டில் ஒன்று மட்டும் தெரிந்தவர்கள் ஏராளம்.

இரண்டும் தெரியும் என்று காட்ட, சான்றிதழைவிட ஒரு நல்ல இறுதியாண்டு ப்ராஜெக்ட் உதவும். செலவு இல்லை, லேப்டாப் போதும். ரேடார் தகவல் பரிமாற்றத்துக்கான ஆஸ்டெரிக்ஸ் என்ற வடிவ விவரத்தை ஐரோப்பிய விமானப் போக்குவரத்து அமைப்பான யூரோகன்ட்ரோல் இலவசமாகவே வெளியிட்டிருக்கிறது. அதில் 048-ஆம் வகை, ஒற்றை ரேடாரின் இலக்குத் தகவல். பத்து விமானங்களை உருவாக்கி, அவற்றை இந்த வடிவில் யுடிபி என்ற பிணைய முறை வழியாக அனுப்பும் நிரலை அவன் எழுதட்டும். வந்து சேர்வதை வயர்ஷார்க் என்ற பிணையத் தகவல் பார்க்கும் மென்பொருளில் பிரித்துப் பார்க்கலாம். தொகுப்பின் முதல் பைட்டில் வகை எண், அடுத்த இரண்டு பைட்டில் மொத்த நீளம். அந்த நீளத்தில் இந்த மூன்று பைட்டும் அடக்கம். இதை விட்டுவிட்டு எண்ணினால் தொகுப்பு சரியாகப் பிரியாது.

அடுத்த சறுக்கல் தூரத்தில். ரேடார் அளப்பது சாய்தூரம், அதாவது ரேடாரிலிருந்து விமானத்துக்கு நேர்கோட்டில் உள்ள தூரம். தரையில் 8 கடல் மைல் தள்ளி 36,000 அடி உயரத்தில் ஒரு விமானம் பறக்கிறது என்று வையுங்கள். உயரம் 5.92 கடல் மைல். பித்தாகரஸ் போட்டால் ரேடார் சொல்லும் தூரம் கிட்டத்தட்ட 9.95. ஆஸ்டெரிக்ஸில் தூரத்தின் அலகு 1/256 கடல் மைல் என்பதால், அனுப்ப வேண்டிய எண் ஏறத்தாழ 2,548. மாணவர்கள் வரைபடத் தூரத்தையே போட்டு 2,048 என்று அனுப்பிவிடுவார்கள். சாய்தூரத்தைத் தரைத்தூரமாக மாற்றிக் காட்டும் திரையில் அந்த விமானம் 8-க்குப் பதில் 5.4 கடல் மைலில் போய் நிற்கும்.

நேரத்திலும் இதே கதை. யுடிசி எனும் உலகப் பொது நேரத்தின் நள்ளிரவிலிருந்து எண்ணி, நொடியில் 1/128 பங்காக எழுத வேண்டும். நண்பகல் யுடிசி என்றால் 55,29,600. லேப்டாப்பின் இந்திய நேரத்தை அப்படியே போட்டால் தகவல் ஐந்தரை மணி நேரம் முன்னால் ஓடும், நேரம் பார்க்கும் மென்பொருள் அத்தனையையும் தள்ளிவிடும். நிரலில் பிழை தேடி இரண்டு நாள் போகும்.

இன்னொன்று, எல்லா விமானங்களையும் ஒரே நொடியில் புதுப்பிப்பது. நிமிடத்துக்கு 15 சுற்று சுழலும் ஆன்டெனா ஒரு சுற்றை 4 நொடியில் முடிக்கும். கிழக்கே இருக்கும் விமானம் முதல் நொடியில் தெரிந்தால், மேற்கே இருப்பது மூன்றாம் நொடியில்தான் தெரியும். திரையில் புள்ளிகள் வட்டமாக ஒன்றன்பின் ஒன்றாக நகர வேண்டும், மொத்தமாகத் துள்ளக் கூடாது. நேர்முகத் தேர்வில் ரேடார் தெரிந்த ஒருவர் திரையைப் பார்த்ததுமே இதைக் கண்டுபிடித்துவிடுவார்.

பிறகு அழுக்கைச் சேர்க்கட்டும். தூரத்திலும் திசையிலும் சிறு பிழை, நூறு சுற்றில் இரண்டு மூன்று தடவை இலக்கைத் தவறவிடுவது, போலி எதிரொலி. அடிவானத்துக்குக் கீழே இருப்பது தெரியவும் கூடாது. 25 மீட்டர் உயர ஆன்டெனாவும் 100 மீட்டர் உயரத்தில் வரும் இலக்கும் என்றால், 4.12-ஐ இரண்டு உயரங்களின் வர்க்கமூலக் கூட்டுத்தொகையான 15-ஆல் பெருக்க வேண்டும். சுமார் 62 கிலோமீட்டர் வரும். அதற்கு அப்பால் அந்த இலக்கு திரையில் தெரிந்தால் மாதிரி தப்பு. சுத்தமான திரையில் பழகியவர் நிஜத் திரையில் திணறுவார், அதனால் சிமுலேட்டரின் மதிப்பே இந்த அழுக்கில்தான் என்றுகூடச் சொல்லலாம். பாதுகாப்புத் துறைக்குப் போக நினைத்தால், சிமுலேட்டர்களை ஒன்றோடொன்று இணைக்கும் டிஐஎஸ், எச்எல்ஏ என்ற தரநிலைகள் இரண்டையும் பிறகு படிக்கலாம்.

கூடவே கேட் என்ற தேசியப் பொறியியல் தேர்வு. டிஆர்டிஓ விஞ்ஞானி பணிக்கும், விமான நிலைய ஆணையத்தின் பல எலக்ட்ரானிக்ஸ் பணி அறிவிப்புகளுக்கும் அந்த மதிப்பெண்தான் வழி. அரியர் இருந்தால் இந்த செமஸ்டரிலேயே முடிக்கச் சொல்லுங்கள், முதல் வகுப்பு கேட்கும் பொதுத்துறை அறிவிப்புகள் நிறைய. பாரத் எலக்ட்ரானிக்ஸில் 'ட்ரெயினி இன்ஜினியர்' என்று வருவது ஒப்பந்தப் பணி, 'ப்ரொபேஷனரி இன்ஜினியர்'தான் நிரந்தரம். ஒப்பந்தமும் அனுபவத்துக்கு நல்லதுதான், அரசு வேலை கிடைத்துவிட்டது என்று சொந்தக்காரர்களிடம் சொல்வதற்கு முன் கடிதத்தை மட்டும் ஒருமுறை படித்துவிடுங்கள்.

அப்படியும் வகுப்பில்தான் சேருவேன் என்று மகன் அடம்பிடித்தால், பணம் கட்டுவதற்கு முன் இருவரும் நேரில் போங்கள். 048 வகைத் தகவல் ஓட்டம் ஒன்றைத் திரையில் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். புள்ளிகள் வட்டமாக நகர்கின்றனவா, மொத்தமாகத் துள்ளுகின்றனவா என்று பாருங்கள்.