கர்ப்ப காலத்தில் ஈறில் சிவப்புக் கட்டி

ஆறாம் மாதம், மேல் முன்பற்களின் நடுவே ஈறில் பட்டாணி அளவு சிவப்புக் கட்டி, பிரஷ் பட்டாலே ரத்தம், புற்றுநோயாக இருக்குமோ என்று கேட்டிருக்கிறீர்கள் சகோதரி. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் பையோஜெனிக் கிரானுலோமா (pyogenic granuloma) என்ற ஈறுக் கட்டி மாதிரிதான் தெரிகிறது. புற்றுநோய் இல்லை, தொற்றவும் தொற்றாது. கர்ப்ப கால ஹார்மோன்களோடு பல் இடுக்கில் படிந்த காரையும் சேர்ந்து ஈறை உறுத்த, நுண்ணிய ரத்தக் குழாய்கள் அளவுக்கு மீறி முளைத்துக் கட்டியாகத் திரள்கின்றன. அதனால்தான் வலியே இல்லாமல் ரத்தம் மட்டும் இப்படிக் கொட்டுகிறது.

ஆனாலும் பல் மருத்துவர் ஒருமுறை நேரில் பார்த்தே ஆக வேண்டும். காரையைச் சுத்தம் செய்ய இந்த மாதங்கள் வசதியானவை. கர்ப்பத்தை மறக்காமல் சொல்லிவிடுங்கள். இப்போதே வெட்டினால் திரும்ப வளர வாய்ப்பு அதிகம் என்பதால், பெரும்பாலும் பிரசவம் வரை விட்டுவைப்பார்கள். அதற்குப் பிறகு பலருக்குத் தானாகவே சுருங்கிவிடும். சுருங்காவிட்டால் வெட்டியெடுத்துத் திசுப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள்.

மென்மையான பிரஷ்ஷால் துலக்குங்கள், அந்த இடத்தை விட்டுவிடாதீர்கள். ரத்தம் வந்தால் சுத்தமான துணியை வைத்து 10 நிமிடம் விடாமல் அழுத்துங்கள். நடுநடுவே எடுத்துப் பார்க்கத் தோன்றும், பார்க்காதீர்கள்! அப்படியும் நிற்கவில்லை, பல் ஆடுகிறது, கட்டி வேகமாகப் பெருக்கிறது என்றால் அன்றே போய்விடுங்கள். நூல் கட்டி அறுக்கச் சொல்பவர்கள் பேச்சைக் கேட்க வேண்டாம்.