மதுரையில் இருந்துகொண்டு பாய்மரப் படகு வாங்க ஆசை. எந்த யாட் எனக்குச் சரிப்படும்?

கேள்வியில் நீங்கள் சொன்னது இவ்வளவு: மதுரையில் வீடு, பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகள், கடலில் படகு ஓட்டிப் பழக்கமில்லை, கையில் கொஞ்சம் சேமிப்பு. 36 அடியில் ஒற்றை உடல் படகு வாங்குவதா, இரட்டை உடல் கேட்டமரான் வாங்குவதா என்று குழப்பம். என்றைக்காவது ஒரு நாள் அந்தமானுக்குப் பாய் விரித்துப் போக வேண்டும்.

கடைசி ஆசையைப் படித்ததும் சிரித்துவிட்டேன். கேலியில்லை, அதே ஆசையில்தான் நானும் பணத்தைக் கடலில் கொட்டினேன். வங்கி வேலையாகக் கொச்சியில் ஒன்பது ஆண்டுகள் இருந்தபோது சிறு படகில் பாய் கட்டக் கற்றுக்கொண்டேன். மதுரைக்கு மாற்றலாகி வந்த பிறகு மைத்துனரும் நானும் பாதிப் பாதி போட்டு 27 அடியில் பழைய யாட் ஒன்றை வாங்கித் தூத்துக்குடியில் நிறுத்தினோம். இரண்டு ஆண்டுகள் வைத்திருந்தோம். விற்ற அன்று நாட்குறிப்பை எடுத்து எண்ணிப் பார்த்தேன். கடலில் இருந்த நாட்கள் பத்தொன்பது. மீதி நாளெல்லாம் படகு எங்களுக்காகக் காத்திருந்தது. வாடகையும் பெயின்ட் செலவும் மட்டும் காத்திருக்கவில்லை.

ஆகவே நீளத்தை அப்புறம் பார்ப்போம். மதுரைக்காரர் முதலில் கேட்க வேண்டியவை இரண்டு. படகு தண்ணீருக்குள் எத்தனை அடி இறங்குகிறது? நாம் இல்லாத நாளில் அது எங்கே தூங்கும்?

முதல் கேள்வியைப் பட்டுத்தான் கற்றேன். எங்கள் படகின் அடியில் கத்தி போல ஓர் ஈய வார்ப்பு நீட்டிக்கொண்டிருந்தது. இதைத்தான் கீல் என்பார்கள். காற்று பாயைச் சாய்க்கும்போது படகு கவிழாமல் நிமிர்த்துவதும், பக்கவாட்டில் நழுவாமல் பிடிப்பதும் இதுதான். எங்களுடையது ஐந்தரை அடி ஆழம் இறங்கும். தூத்துக்குடியிலிருந்து மண்டபம் சுமார் 60 கடல் மைல். இரவே கிளம்பினோம். மறுநாள் பிற்பகல், கரையில் தென்னை மரங்களை எண்ணுகிற தூரத்தில், மெத்தையில் உட்கார்ந்தது போல ஓசையில்லாமல் படகு நின்றது. மணல் திட்டு. இறங்கி நின்று பார்த்தேன், தண்ணீர் என் கழுத்துக்கு வந்தது.

ஓதம் ஏறினால் தானாக மிதக்கும் என்று பயிற்சிப் புத்தகங்களில் எழுதியிருக்கும். அவை இரண்டு ஆள் உயரத்துக்குக் கடல் ஏறி இறங்கும் ஊர்களில் எழுதியவை. நம் பாக் நீரிணையிலும் மன்னார் வளைகுடாவிலும் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டரைத் தொடாது. எஞ்சினை முடுக்கினோம், சேறு கலங்கியதே தவிர அசைவில்லை. அந்த வழியே வல்லத்தில் வந்த மீனவர் ஒருவர் கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்துவிட்டுச் சொன்னார்: "சார், இழுக்காதீர்கள். சாய்த்துவிடுங்கள்." பாய் ஏற்றும் கயிற்றைக் கம்பத்தின் உச்சி வழியாக எடுத்து, அதன் நுனியைத் தன் வல்லத்தில் கட்டி, பக்கவாட்டில் மெல்ல இழுத்தார். கம்பம் சாயச் சாய, அடியிலிருந்த கீலும் சாய்ந்து மணலை விட்டு எழும்பியது. பத்து நிமிடத்தில் மிதந்துவிட்டோம். காசு நீட்டினால் வாங்கவில்லை. "அடுத்த முறை இவ்வளவு பெரிய கால் இல்லாத படகாகக் கொண்டு வாருங்கள்" என்று மட்டும் சொன்னார். பத்து நிபுணர்கள் சேர்ந்தாலும் இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது என்று இன்றும் நினைக்கிறேன்.

நம் கடல் அப்படி. பாக் நீரிணையில் பெரும்பகுதி ஆழமற்றது. மன்னார் வளைகுடாப் பக்கம் தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையே 21 தீவுகள், சுற்றிலும் பவளப்பாறை. 1986 முதல் அது கடல்சார் தேசியப் பூங்கா. நினைத்த இடத்தில் நங்கூரம் போட்டுப் பிள்ளைகளைக் குளிக்க இறக்குகிற இடமில்லை. மணலில் தட்டினால் மானம்தான் போகும், பவளப்பாறையில் தட்டினால் படகே போய்விடும். ஐந்தடி, ஆறடி இறங்கும் நிலைத்த கீல் நம் பக்கத்துக்குப் பொருந்தாது. ஒரு தகட்டை மேலே தூக்கி மடக்கிக்கொள்ளும் அமைப்பு, அல்லது இரண்டு குட்டையான கீல்கள் பக்கத்துக்கு ஒன்றாக இருக்கும் அமைப்பு, இரண்டில் ஒன்றைத் தேடுங்கள். இரட்டைக் கீல் படகு நீர் வற்றினாலும் முக்காலி போல நின்றுகொள்ளும். ஆனால் காற்றை எதிர்த்து ஏறுவதில் கொஞ்சம் மந்தம்.

கம்பத்தையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். மன்னார் வளைகுடா உள்ள தென்கடலிலிருந்து பாக் நீரிணை உள்ள வடகடலுக்குப் போகப் பாம்பன் பாலத்தைத் தாண்ட வேண்டும். 2025 ஏப்ரலில் திறந்த புதிய ரயில் பாலத்தில் 72.5 மீட்டர் நீளமுள்ள நடுப்பகுதி 17 மீட்டர் மேலே ஏறும். உங்களுக்காக அது உடனே ஏறிவிடும் என்று எண்ண வேண்டாம். அனுமதி வாங்கி, மற்ற படகுகளோடு வரிசையில் காத்திருக்க வேண்டும். கம்பத்தின் அடியில் கீல் வைத்து அதைச் சாய்த்துப் படுக்கவைக்கும் சிறு படகு என்றால் இந்தக் காத்திருப்பே கிடையாது. (இந்தக் கீல் கதவுக்குப் போடும் கீல். தமிழில் இரண்டுக்கும் ஒரே பெயர் வந்து மாட்டிக்கொண்டது.)

ராமேஸ்வரத்துக்காரர்கள் வடக்கே உள்ளதைப் பெண்கடல் என்றும் தெற்கே உள்ளதை ஆண்கடல் என்றும் சொல்வார்கள். ஒன்று அமைதி, மற்றது முரடு. பருவம் மாறினால் இந்தக் குணமும் மாறும். கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று அடிக்கும் ஜூன் முதல் செப்டம்பர் வரை தெற்குப் பக்கம் கொந்தளிக்கும். வாடை தொடங்கினால் வடக்குப் பக்கம் அதே ஆட்டம். மீனவர்கள் படகைப் பக்கம் மாற்றிக்கொள்வார்கள். நாமும் மாற்ற முடிந்தால்தான் ஆண்டில் பாதி நாளாவது கடல் கிடைக்கும்.

இப்போது கேட்டமரான். இந்தச் சொல் நம் கட்டுமரத்திலிருந்து போனது என்பதில் பெருமைப்படலாம், ஆனால் பொருள் மாறித்தான் திரும்பி வந்திருக்கிறது. நம்முடையது மரக்கட்டைகளை வரிந்து கட்டியது. இன்று அந்தப் பெயரில் விற்பது, இரண்டு ஒடுங்கிய உடல்களைப் பாலம் போட்டு இணைத்தது. நல்ல குணங்கள் உண்டு. அதிகம் சாயாது, அதனால் தேநீர்க் கோப்பை வைத்த இடத்தில் இருக்கும், குமட்டல் வருகிறவர்களுக்கும் பாடு குறைவு. 40 அடிப் படகே நாலடி அளவில்தான் இறங்கும். பிள்ளைகளோடு நங்கூரம் போட்டுத் தங்குவதற்கு இதைவிட வசதியில்லை. ஆனால் அகலம் 20 அடிக்கு மேல் போகும். நிறுத்துமிடம் கிடைப்பதே அரிதான கரையில் இரண்டு படகின் இடத்தை அடைத்துக்கொள்ளும். அதோடு ஒற்றை உடல் படகு காற்று மிகும்போது சாய்ந்து "பாயைக் குறை" என்று சொல்லிவிடும். கேட்டமரான் கடைசிவரை வாயைத் திறக்காது. காற்றைப் படிக்கத் தெரியாதவர் அதில் தொடங்குவதில் எனக்கு உடன்பாடில்லை.

நீளத்துக்கு வருவோம். தண்ணீரைத் தொடும் நீளத்தை அடியில் எடுத்து, வர்க்கமூலம் கண்டு, 1.34 ஆல் பெருக்கினால் சாதாரண யாட் ஒன்றின் உச்ச வேகம் நாட் கணக்கில் வரும். 25 அடிக்கு 6.7 நாட், அதாவது மணிக்குப் பன்னிரண்டரை கிலோமீட்டர். 36 அடிக்கு 8 நாட். திருப்பரங்குன்றம் போகும் டவுன் பஸ் இரண்டையும் முந்திவிடும். பதினொரு அடி கூட்டிக் கிடைப்பது 1.3 நாட். விலை, பாய், கயிறு, நிறுத்தக் கட்டணம் எல்லாம் அந்தக் கணக்கில் ஏறுவதில்லை, பல மடங்காக ஏறும். பராமரிப்புக்கு ஆண்டுக்கு விலையில் பத்தில் ஒரு பங்கு எடுத்து வையுங்கள் என்பது இதில் அடிபட்டவர்கள் சொல்லும் கணக்கு. எங்கள் அனுபவத்தில் அது கொஞ்சம் கருமித்தனமான கணக்கு.

பெரிய பயணத்துக்குப் பெரிய படகுதான் வேண்டும் என்பதும் இல்லை. 1968-69இல் ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் தனியாக, எங்கும் நிற்காமல் உலகைச் சுற்றிய சுஹைலி 32 அடிதான். நம் மும்பையில் தேக்கில் கட்டியது. நம் கடற்படையின் தாரிணி 56 அடி. அதில் புதுச்சேரிப் பெண் ரூபா அழகிரிசாமியும் கோழிக்கோட்டு தில்னாவும் இரண்டே பேராக 2024 அக்டோபரில் கிளம்பி 2025 மே மாதம் உலகைச் சுற்றி வந்தார்கள். அந்த இரண்டு பேருக்குப் பின்னால் பல ஆண்டுப் பயிற்சி இருக்கிறது. உங்கள் வீட்டில் பாய்க் கயிறு பிடிக்க எத்தனை கை உண்டு? பலத்த காற்றில் ஒரே ஆளாகப் பாயைச் சுருட்ட முடிகிற அளவே உங்கள் அளவு. மனைவிக்கு விருப்பமா என்று நீங்கள் எழுதவில்லை. அதை முதலில் கேளுங்கள்.

அந்தமான் சென்னையிலிருந்து சுமார் 1,350 கிலோமீட்டர். 5 நாட் வேகம் என்றால் இரவும் பகலும் ஓட்டி ஆறு நாள். வாழ்நாளில் ஒரு முறை போகிற அந்தப் பயணத்துக்காக 36 அடிப் படகை ஆண்டு முழுவதும் கட்டி வைப்பது, மகள் கல்யாணத்துக்கு உதவும் என்று இன்றைக்கே மண்டபம் கட்டுவது போல. போகிற ஆண்டில் தெரிந்தவர்கள் படகில் ஓர் ஆளாக ஏறிக்கொள்ளுங்கள்.

பழைய படகு பார்க்கப் போனால் ஒரு காரியம் செய்யுங்கள். மானாமதுரையில் பானை வாங்கும்போது விரல் முட்டியால் தட்டிப் பார்க்கிறோம் அல்லவா? அதே போல ஃபைபர் உடலையும் மேல்தளத்தையும் ஒரு சிறு பிளாஸ்டிக் சுத்தியலால் சாண் சாணாகத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இடம் 'டிக்' என்று கெட்டியாகப் பேசும். உள்ளே தண்ணீர் இறங்கி அடுக்குப் பிரிந்த இடம் நனைந்த அட்டைப்பெட்டி போல 'தொப்' என்னும். கம்பத்தைத் தாங்கும் கம்பிகள் மேல்தளத்தில் வந்து சேரும் இடத்தைச் சுற்றித்தான் இந்தச் சத்தம் அதிகம் கேட்கும். எங்களுக்கு விற்றவர் சுத்தியலைப் பார்த்ததுமே தேநீர் குடிக்கக் கூப்பிட்டார். போயிருக்கக் கூடாது. அந்தக் கம்பிகள் எத்தனை ஆண்டுப் பழசு என்றும் கேளுங்கள். பத்து, பதினைந்து ஆண்டுக்கு ஒரு முறை மாற்ற வேண்டியவை அவை, பார்வைக்குப் பளபளப்பாகவே இருக்கும். பிறகு எஞ்சின். சூடாக இருந்தால் சந்தேகப்படுங்கள், நீங்கள் வருவதற்கு முன்பே ஓட்டிப் பழக்கியிருக்கிறார்கள் என்று பொருள். ஆறிய எஞ்சின் உங்கள் முன்னால் கிளம்ப வேண்டும். உள் அலங்காரம், மெத்தை உறை, பாட்டுப் பெட்டி இவற்றை நான் பார்ப்பதே இல்லை.

இரண்டாவது கேள்வி, எங்கே தூங்கும்? இப்போது என்னிடம் இருப்பது 14 அடியில் தூக்கும் தகடு வைத்த ஃபைபர் படகு. நாகமலை புதுக்கோட்டையில் வீட்டுக் கொல்லையில், வேப்ப மரத்தடியில், கவிழ்த்துப் போட்டுத் தார்ப்பாய் மூடியிருக்கிறது. நிறுத்தக் கட்டணம் கிடையாது, அக்டோபர் முதல் டிசம்பர் வரை புயல் அறிவிப்பு வந்தால் தூக்கம் கெடுவதும் கிடையாது. போக நினைத்தால் முந்தின நாள் மினி லாரிக்குச் சொல்லிவிடுவேன். கம்பம் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும், நுனியில் சிவப்புத் துணி. பரமக்குடியில் தேநீருக்கு நிறுத்தினால் யாராவது வந்து, "எந்தக் கோயில் தெப்பத்துக்கு?" என்று கேட்பார்கள். முதலில் விளக்கம் சொன்னேன், இப்போது ஏதாவது ஓர் ஊர்ப் பெயரைச் சொல்லிவிடுகிறேன். காலை ஆறு மணிக்குக் கிளம்பினால் பத்து மணிக்கெல்லாம் மண்டபத்தில் பாய் ஏறிவிடும். போன ஆண்டில் மட்டும் முப்பத்தொரு நாள் கடலில் இருந்தேன்.

உங்களுக்கு என்றால் பிள்ளைகளையும் சேர்த்து 16 முதல் 20 அடி, தூக்கும் தகடு, சாயும் கம்பம், இரண்டு பேர் படுக்கச் சிறு அறை. அதற்கு மேல் இப்போது வேண்டாம். இரண்டு பருவம் ஓட்டியபின் இன்னும் பெரிதாக வேண்டும் என்று தோன்றினால் அப்போது எழுதுங்கள், இரட்டைக் கீல் படகுகளைப் பற்றித் தனியாகப் பேசலாம்.

ஓட்டுவதற்கு முன் படகைப் பதிவு செய்வது, கடலோரக் காவல் நிலையத்தில் சொல்லிவிட்டுப் போவது, 1974, 1976 ஒப்பந்தங்களின்படி வகுத்த இலங்கை எல்லைக் கோட்டை விட்டு மிகத் தள்ளியே இருப்பது ஆகியவற்றில் சமரசமே கூடாது. பாக் நீரிணையில் காற்று செத்து எஞ்சினும் நின்றால் நீரோட்டம் எந்தப் பக்கம் தள்ளும் என்று நீங்கள் தீர்மானிக்க முடியாது. உயிர்காப்பு உடுப்பு பிள்ளைகள் அளவில் தனியாக வாங்க வேண்டும், பெரியவர்களுடையதை இறுக்கிக் கட்டினால் தலை வழியே கழன்றுவிடும்.

மாசியில் காற்று பதமாக இருக்கும்போது மண்டபம் போகிறேன். என் படகில் ஓர் ஆளுக்கு இடமுண்டு. வருவதானால் முதல் நாள் இரவு வயிறு நிறையச் சாப்பிடாதீர்கள், வாங்கப்போகும் படகின் படங்களையும் கொண்டு வாருங்கள்.