பயிற்சி ரத்தானால்: சட்ட மாணவர்கள் கேட்கிறார்கள், வழக்கறிஞர் பதில் சொல்கிறார்

கோடை இன்டர்ன்ஷிப் ரத்து என்று ஒரே வரியில் மின்னஞ்சல் வந்தது மேடம். பதில் எழுதுவதா, விட்டுவிடுவதா?

எழுதுங்கள், ஆனால் கோபம் ஆறிய பிறகு. பயிற்சியைத் தள்ளிவைக்க முடியுமா, வீட்டிலிருந்தே செய்ய ஏதேனும் ஆய்வு வேலை உண்டா என்று நேரடியாகக் கேளுங்கள். 2020 கொரோனாக் காலத்தில் பல பெரிய சட்ட நிறுவனங்கள் பயிற்சியின் காலத்தைக் குறைத்து இணையவழியில் நடத்தின. ஆகவே இது நடக்காத ஒன்றல்ல.

நஷ்டஈடு கேட்கலாமா?

சட்டம் படிப்பவர் கேட்க வேண்டிய கேள்விதான்! முதலில் அவர்கள் தந்த கடிதத்தைப் படியுங்கள். அவர்களை நம்பி டிக்கெட்டுக்கும் வாடகைக்கும் செலவழித்திருந்தால் ரசீதுகளோடு பணிவாகக் கேட்கலாம். அதற்கு மேல் போனால் அலைச்சல்தான் மிச்சம்.

இனி வேறு இடம் கிடைக்காது. விடுமுறை முழுவதும் வீண்தானா?

நிறுவனத்தின் பெயர் போனதைப் பெரிதாக நினைக்காதீர்கள். நீங்கள் எழுதியதை மூத்தவர் ஒருவர் அடித்துத் திருத்துவார் அல்லவா, உண்மையான இழப்பு அதுதான். அந்தத் திருத்தத்தை வேறு இடத்தில் தேடுங்கள். கட்டுரை எழுதிக்கொண்டிருக்கும் பேராசிரியருக்கு மேற்கோள் சரிபார்க்க ஆள் தேவைப்படும். சட்ட உதவி மையங்களில் மனு எழுத ஆள் போதாது. தனியாகத் தொழில் நடத்தும் வழக்கறிஞரிடம் கேட்க மாணவர்கள் ஏனோ கூச்சப்படுகிறார்கள். பெரிய அலுவலகத்தில் கைக்கே வராத கோப்பு அங்கே முதல் வாரமே வந்துவிடும்.

வீட்டிலிருந்தால் ஒன்று செய்யுங்கள். மேல்முறையீட்டுத் தீர்ப்பு ஒன்றை எடுத்து, வழக்கின் விவரங்களையும் எழுந்த கேள்விகளையும் மட்டும் படித்து மூடிவிடுங்கள். உங்கள் முடிவைக் காரணங்களோடு இரண்டு பக்கம் எழுதிய பிறகு மீதியைப் படியுங்கள். நீதிபதி கவனித்து நீங்கள் தவறவிட்டது எது என்று தெரிந்துவிடும். அந்த இரண்டு பக்கத்தை யாரிடமாவது கொடுத்துத் திருத்தி வாங்குங்கள்.

பயோடேட்டாவில் அந்த நிறுவனத்தின் பெயரைப் போடலாமா ஐயா?

(ஐயா அல்ல, அம்மா. பரவாயில்லை.) 'தேர்வானேன், நிறுவனம் ரத்து செய்தது' என்று போடலாம். வேலை செய்ததாகப் போடாதீர்கள். வழக்கறிஞராகப் பதிவு செய்யும்போது பல நாடுகளில் நன்னடத்தையும் பார்ப்பார்கள்.

நேர்காணலில் இதைப் பற்றிக் கேட்டால்?

ரத்தானதை ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டு, திருத்தி வாங்கிய அந்த இரண்டு பக்கத்தை எடுத்து நீட்டுங்கள்.