தவளைப் பெட்டிக்கு எதைப் பூசலாம்? வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: பேக்மேன் தவளை ஒன்று வளர்க்கிறேன். கண்ணாடித் தொட்டி சின்னதாகிவிட்டதால் ஆசாரியிடம் சொல்லி இரண்டடி நீளத்தில் பிளைவுட் பெட்டி செய்துவிட்டேன், முன்பக்கம் மட்டும் கண்ணாடி வரும். உள்ளே எப்போதும் ஈரம் இருக்குமே என்றால், வார்னிஷ் இரண்டு கோட் அடித்தால் போதும் என்கிறார். தவளைக்கு ஆகுமா?
– வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: வார்னிஷ் வேண்டாம். ஆசாரி சொல்வது அலமாரிக்குச் சரி, தவளைக்கு ஆகாது. தவளை நம்மைப் போல வாயால் தண்ணீர் குடிப்பதில்லை. அடிவயிற்றிலும் தொடை உள்பக்கத்திலும் இருக்கிற மெல்லிய தோல் வழியாக உறிஞ்சிக்கொள்கிறது, மூச்சிலும் ஒரு பங்கைத் தோல் வழியாகவே விடுகிறது. அதிலும் உங்கள் பேக்மேன் நாள் முழுக்க ஈரமான தென்னை நார்த்தூளில் வயிறு புதைய உட்கார்ந்திருக்கிற ஜாதி. பெட்டியின் தரையில் இருந்து கொஞ்சம் தின்னரோ பூஞ்சைக்கொல்லியோ கசிந்தாலும் அது நேராக உடம்புக்குள் போய்விடும்.

நான் சொல்வது தின்னர் கலக்காத, இரண்டு டப்பாவாக வருகிற எபாக்சி கோட்டிங். ரெசினும், அதை இறுக வைக்கிற ஹார்ட்னரும் சரியான அளவில் கலந்து முழுசாக இறுகிவிட்டால் அதிலிருந்து வெளியே வர ஒன்றும் மிச்சம் இருக்காது. அளவு தப்பினால்தான் ஆபத்து, மிச்சப்பட்ட ஹார்ட்னர் தவளையின் தோலைச் சுட்டுவிடும். அதனால் கண்ணளவில் ஊற்றாதீர்கள், டிஜிட்டல் தராசில் நிறுத்துக் கலக்குங்கள். டப்பாவில் போட்டிருக்கும் விகிதம் எடைக்கா, கொள்ளளவுக்கா என்று முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள், இரண்டும் ஒன்றாக இருக்காது. சீக்கிரம் இறுகட்டும் என்று ஹார்ட்னரைக் கூட்டுவதும், நன்றாக இறங்கட்டும் என்று தின்னர் ஊற்றுவதும் இங்கே நிறையப் பேர் செய்கிற வேலை. இரண்டுமே கூடாது.

பிளைவுட்டில் என்ன முத்திரை இருக்கிறது என்று பாருங்கள். ஐ.எஸ். 710 என்று இருந்தால் அது மரைன் ஐட்டம், ஒட்டுப்பசை கொதிநீரையே தாங்கும். எம்.ஆர். ஐட்டம், அதாவது ஈரத்தை ஓரளவே தாங்குகிற ரகம் என்றால், தொடர்ந்து ஈரம் பட்டால் அடுக்கடுக்காக உரிந்துவிடும், பூச்சில் ஒரு ஊசித்துளைகூட விடக்கூடாது. மரைன் என்பதால் பூசாமலே விட்டுவிடலாம் என்றும் நினைக்காதீர்கள். பூச்சி அரிக்காமல் இருக்க அந்தப் பலகைக்கு மருந்து ஏற்றியிருப்பார்கள், தண்ணீர் உள்ளே போகாமல் தடுக்கிற அதே பூச்சுதான் அந்த மருந்தையும் உள்ளேயே அடைத்து வைக்கப்போகிறது.

தண்ணீர் புகுவது பெரும்பாலும் நடுப்பலகையில் அல்ல, வெட்டிய ஓரத்திலும் மூலை இணைப்பிலும்தான். ஒயர் போகிற ஓட்டை, காற்றுக்கு வலை வைக்கிற இடம் எல்லாவற்றையும் பூசுவதற்கு முன்னாலேயே போட்டுவிடுங்கள், பூசிய பிறகு டிரில் போட்டால் அந்த ஓட்டை வழியாகவே ஊறத் தொடங்கிவிடும். வெட்டிய ஓரம் முதல் கோட்டை அப்படியே குடித்துவிடும், அது குடிப்பதை நிறுத்தும் வரை திரும்பத் திரும்பத் தடவுங்கள். உள்மூலைகளில் இரண்டு விரல் அகலத்துக்கு ஃபைபர் கிளாஸ் துணியை எபாக்சியில் நனைத்து ஒட்டினால் வெயிலுக்கும் மழைக்கும் பலகை விரிந்து சுருங்கினாலும் மூலை விட்டுப்போகாது. காய்ந்த பிறகு அந்த இடத்தை வெறுங்கையால் தடவாமல் உற்றுப் பாருங்கள். ஊசி ஊசியாகக் கண்ணாடி இழை நீட்டிக்கொண்டிருக்கும். மாஸ்க் போட்டுக்கொண்டு உப்புத்தாளால் தேய்த்து எடுத்துவிட்டு அதன் மேல் இன்னொரு கோட் கொடுங்கள், இல்லாவிட்டால் தவளையின் வயிறு அதில்தான் உரசும்.

இனி நம்ம ஊர் சமாச்சாரம். கடலூர், புதுச்சேரி மாதிரி கடலோரத்தில் காற்றிலேயே ஈரம் அதிகம். எபாக்சி இறுகும்போது ஹார்ட்னர் அந்த ஈரத்தோடும் கரியமில வாயுவோடும் சேர்ந்து மேலே மெழுகு தடவினாற்போல ஒரு படலமாகிவிடும். பார்வைக்கு லேசாக மங்கினாற்போல இருக்கும், விரலை வைத்தால் வழுக்கும். காயவில்லையோ என்று காத்திருந்து பயனில்லை, அது தானாகப் போகாது. உப்புத்தாளை உடனே எடுக்காதீர்கள், தேய்த்தால் படலம் இன்னும் உள்ளே இழுபடும். முதலில் வெதுவெதுப்பான தண்ணீரும் சோப்பு போடாத பச்சை ஸ்க்ரப்பரும் கொண்டு கழுவி, துணியால் துடைத்து, நன்றாக உலர்ந்த பிறகு தேய்த்துவிட்டு அடுத்த கோட் அடியுங்கள். கடைசிக் கோட்டுக்கும் இந்தக் கழுவல் உண்டு, தவளை உட்காரப்போவது அதன் மேல்தானே. என்னைக் கேட்டால் ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இந்த வேலையைத் தொடவே வேண்டாம். தை பிறந்து வெயில் ஏறியதும் காலை பத்து மணிக்கு மேல் ஆரம்பியுங்கள்.

எபாக்சி முழுக்க முடிந்த பிறகே கண்ணாடி ஒட்டுகிற சிலிக்கான் பசை. சிலிக்கான் மேல் வேறெதுவும் ஒட்டாது, முந்திக்கொண்டு போட்டுவிட்டால் அந்த இடத்தில் பூச்சு நிற்காது. கண்ணாடியை ஒட்டுவதற்கு மீன்தொட்டிக்கு என்று விற்கிற, காடி வாசம் அடிக்கிற சுத்த சிலிக்கான் வாங்குங்கள். பாத்ரூம், கிச்சனுக்கு என்று வருவதில் கருப்புப் பூஞ்சை பிடிக்காமல் இருக்க மருந்து கலந்திருக்கும்.

எல்லாம் முடிந்ததும் அவசரப்படாதீர்கள். எபாக்சி கைக்கு ஒட்டாத பதத்துக்கு ஒரு நாளில் வந்துவிடும், ஆனால் முழுசாக இறுக ஒரு வாரமாவது ஆகும். அதற்கு மேலும் இரண்டு வாரம் திறந்து வைத்து, தரையில் தண்ணீர் நிரப்பி இரண்டு நாள் விட்டுக் கொட்டி, திரும்ப ஒருமுறை நிரப்பிக் கொட்டுங்கள். வெளிப்பக்கத்தில் எங்கேயாவது பலகை கறுத்தால் அங்கே கசிவு. கடைசியாகப் பெட்டியை ஒரு நாள் மூடி வைத்து, திறந்த உடனே தலையை உள்ளே விட்டு மோந்து பாருங்கள். லேசாக வாசம் வந்தாலும் இன்னும் ஒரு வாரம் திறந்தே கிடக்கட்டும்.

கேள்வி: எங்கள் தெருவில் ஃபைபர் போட் கட்டுகிறார்கள். மீந்த ரெசின் சும்மாவே தருகிறேன் என்கிறார்கள். படகுக்கே தண்ணீர் நுழையவில்லை, பெட்டிக்கு நுழையுமா?
– வாசகர், தேவனாம்பட்டினம், கடலூர்

பதில்: படகுக்கு ஊற்றுவது பெரும்பாலும் பாலியஸ்டர் ரெசின், எபாக்சி அல்ல. அந்தப் பட்டறைப் பக்கம் போனால் மூக்கில் ஏறுகிற நெடி, அந்த ரெசினில் இருக்கிற ஸ்டைரீன் என்கிற ரசாயனம். இறுகிய பிறகும் பல வாரம் அது கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்துகொண்டே இருக்கும், கடலில் காற்றோடு போய்விடும், மூடிய பெட்டியில் போக இடம் ஏது? மரத்தில் எபாக்சி அளவுக்குப் பிடிக்கவும் பிடிக்காது. ரெசினை விட்டுவிடுங்கள், மூலைக்கு வேண்டிய ஃபைபர் துணி மட்டும் ஒரு துண்டு கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: மாடிக்கு அடித்த வாட்டர்ப்ரூஃப் கோட்டிங் அரை டின் இருக்கிறது. அதை அடித்துவிட்டு, கரையானுக்காகக் கொஞ்சம் மருந்து எண்ணெயும் தடவலாமா?
– வாசகி, லாஸ்பேட்டை, புதுச்சேரி

பதில்: இரண்டும் வேண்டாம் அம்மா. மாடிப் பூச்சுகளில் பாசியும் பூஞ்சையும் பிடிக்காமல் இருக்க மருந்து சேர்ப்பது வழக்கம், கரையான் மருந்தோ பூச்சிக்கொல்லியேதான். பெட்டியின் வெளிப்பக்கம்கூட அதைத் தடவாதீர்கள். கரையான் பயம் இருந்தால் இரும்பு ஸ்டாண்டில் சுவரை ஒட்டாமல் வையுங்கள். எபாக்சிக்குச் செலவு செய்ய யோசனையாக இருந்தால் வேறு வழி இருக்கிறது. அடியில் பொருந்துகிற மாதிரி உயரமான பிளாஸ்டிக் ட்ரே ஒன்று வைத்து மண், தண்ணீர் எல்லாம் அதற்குள்ளேயே இருக்கும்படி செய்யலாம், பலகைக்குத் தெளிக்கிற ஈரம் மட்டும்தான் மிஞ்சும். பெட்டியே இன்னும் செய்யவில்லை என்றால் பிளைவுட்டை விட்டு பிவிசி போர்டில் செய்யச் சொல்லுங்கள்.

கேள்வி: வார்னிஷ் அடித்த பெட்டியில் தவளையை விட்டுவிட்டேன். சுவரில் ஏறிக்கொண்டே இருக்கிறது, உடம்பெல்லாம் கோழை மாதிரி வழிகிறது. என்ன செய்வது?
– வாசகர், அரியாங்குப்பம், புதுச்சேரி

பதில்: இதைப் படிக்கிற இந்த நிமிடமே வெளியே எடுங்கள். கையைச் சோப்பு இல்லாமல் கழுவி, ஈரக் கையோடு பிடியுங்கள். குளோரின் இல்லாத தண்ணீரில் மெதுவாக அலசி, சுத்தமான பிளாஸ்டிக் டப்பாவில் நனைத்த டிஷ்யூ பேப்பர் விரித்து அதில் விடுங்கள், மூடியில் காற்றோட்டம் இருக்கட்டும். கடலோரத்து போர் தண்ணீர் உப்பாக இருக்கும், அதை ஊற்றாதீர்கள். டிஷ்யூவையும் தண்ணீரையும் தினமும் மாற்றுங்கள். கால் இழுத்தாலோ புரட்டிப் போட்டால் திரும்பி எழாமல் கிடந்தாலோ காத்திருக்காமல் கால்நடை மருத்துவரிடம் கொண்டு போங்கள். உங்களுக்கு குரும்பாப்பேட்டை கால்நடை மருத்துவக் கல்லூரி பக்கம்தான். வார்னிஷ் டின்னை, அல்லது அதன் லேபிளைப் படம் எடுத்துக் கையோடு கொண்டு போங்கள்.