கிராமியக் கலைஞர்களைக் கௌரவிக்க எங்கள் ஊரில் விழா எடுக்கிறோம். எப்படிச் செய்தால் அது உண்மையான மரியாதையாக இருக்கும்?

கொட்டாம்பட்டிப் பக்கம் என்று எழுதியிருக்கிறீர்கள். கையில் ஐம்பதாயிரம் ரூபாய் சேர்ந்திருக்கிறது, பத்துக் கலைஞர்களுக்குச் சால்வையும் கேடயமும் கொடுக்கத் திட்டம், தலைமை தாங்க யாரை அழைக்கலாம், வேறு என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். எங்கள் ஊர் மதுரை மாவட்டத்தில் அலங்காநல்லூருக்கும் பாலமேட்டுக்கும் நடுவில் இருக்கிறது. ஒன்பது பேர் சேர்ந்து 2022-இலிருந்து இப்படி ஒரு விழா நடத்தி வருகிறோம். அந்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன்.

சால்வை கடைசி வேலை. முதலில் வெற்றிலை பாக்கு வாங்கிக்கொண்டு அந்தக் கலைஞரின் வீட்டுக்குப் போங்கள்.

முதல் வருடம் எங்கள் பட்டியலில் முதல் பெயர் ஊரில் பறை வாசிக்கும் பெரியவருடையது. வயது எழுபதை நெருங்குகிறது. காளியம்மன் பொங்கல், கல்யாண ஊர்வலம், துட்டி வீடு என்கிற சாவு வீடு எல்லாவற்றுக்கும் அவர்தான். போனில் சொன்னால் வந்துவிடுவார் என்றுதான் நாங்களும் நினைத்தோம். குழுவில் இருக்கும் ஓர் அக்கா பிடிவாதமாக நின்றார்: "நம் வீட்டுக் கல்யாணத்துக்குச் சம்பந்தியைப் போனில் கூப்பிடுவோமா?" அதனால் நான்கு பேர் தட்டில் வெற்றிலை, பாக்கு, பழம், நூற்றியொரு ரூபாய் வைத்து அவர் தெருவுக்குப் போனோம். திண்ணையில் துண்டை விரித்து எங்களை உட்காரச் சொன்னார். தட்டை நீட்டியபோது உடனே வாங்கவில்லை. உள்ளே போய்ச் சட்டை போட்டுக்கொண்டு வந்து, இரண்டு கையாலும் வாங்கினார். "நாற்பது வருடமாக இந்த ஊருக்கு ஆள் விட்டுச் சொல்லித்தான் வந்திருக்கிறேன், தம்பி. வீட்டுப் படியேறி வெற்றிலை வைத்தது இதுதான் முதல் தடவை" என்றார். விழாவுக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. ஆனால் அவரைப் பொறுத்தவரை அன்றைக்கே கௌரவம் நடந்துவிட்டது என்று இப்போதும் நினைக்கிறேன்.

அவரை எங்கள் ஊரில் பத்து வயதுப் பையன்கூடப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவான். இதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் எழுதாமல் உங்கள் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது. எங்கள் மேடையில் அவரை 'ஆசான்' என்றுதான் அழைக்க வேண்டும் என்று முடிவெடுத்தோம். மைக் செட்டுக்காரரிடமும் முன்கூட்டியே சொல்லிவைத்தோம். பந்தியில் அவரும் அவர் குழுவும் எல்லோருடனும் ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். ஊரில் இரண்டு பேர் முகம் சுளித்து எழுந்து போனார்கள். போகட்டும் என்று விட்டோம். மேடையில் மாலை போட்டுவிட்டு, பந்தியில் தனி இலை போட்டால் அந்த மாலைக்கு என்ன பொருள்? உங்கள் ஊரில் இந்தச் சிக்கல் வரும் என்று தோன்றினால், நோட்டீஸ் அடிப்பதற்கு முன்பே ஊர்ப் பெரியவர்களிடம் பேசி முடித்துவிடுங்கள்.

தலைமைக்கு யாரை அழைக்கலாம் என்கிறீர்கள். யாரும் வேண்டாம் என்பது என் கருத்து. பக்கத்து நகரத்தில் ஓர் அமைப்பு நடத்திய பாராட்டு விழாவுக்கு எங்கள் ஆசானோடு நானும் போயிருந்தேன். மாலை ஐந்து மணிக்கு வரச் சொன்னார்கள். சிறப்பு விருந்தினர் எட்டரைக்கு வந்தார். அவரும் அவருடன் வந்தவர்களும் பேசி முடிக்கப் பத்தரை ஆனது. காய்ச்சி வைத்த பறை ஆறிப்போய்விட்டது. மறுபடி காய்ச்ச நெருப்பு மூட்டக்கூடாது என்று மண்டபத்தில் சொல்லிவிட்டார்கள். தொய்ந்த தோலில் ஐந்து நிமிடம் அடித்துவிட்டு, பெயர் தவறாக அச்சான கேடயத்தோடு திரும்பினோம். கடைசி பஸ்ஸும் போய்விட்டது. வரும் வழியெல்லாம் அவர் தன் பெயரைப் பற்றியோ பஸ்ஸைப் பற்றியோ ஒரு வார்த்தை சொல்லவில்லை. "சத்தம் எழும்பவே இல்லை, தம்பி" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

பறையைக் காய்ச்சுவதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறீர்களா? மரச் சட்டத்தில் புளியங்கொட்டைப் பசை தடவி ஒட்டிய மாட்டுத் தோல் அது. வைக்கோலைக் கொளுத்தி, தோலை அதன் முகத்தில் காட்டிக்காட்டித் திருப்புவார்கள். விரல் நுனியால் ஒரு தட்டு. காது கொடுத்துக் கேட்பது. மறுபடி நெருப்பில் ஒரு சுற்று. முதலில் 'தொப்' என்றிருந்த சத்தம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறி, ஒரு கட்டத்தில் 'கணீர்' என்று பிரியும். அப்போதுதான் இடது கையில் மெல்லிய சிண்டுக் குச்சியும் வலது கையில் குட்டையான அடிக் குச்சியும் ஏறும். அந்தச் சூடு இருக்கும்போதே வாசிக்க வைக்க வேண்டும். ஆகவே நிகழ்ச்சி நிரலில் முதலில் கலை, பிறகு பேச்சு. ஊர்ப் பொது மந்தையில் ஓர் ஓரமாக வைக்கோலும் தீப்பெட்டியும் தயாராக இருக்கட்டும். உங்கள் விழாச் செலவில் இதைவிட மலிவான, இதைவிட மதிப்பான இனம் வேறு இல்லை.

2025 ஜனவரி 25 இரவு பத்ம விருதுகள் அறிவித்தார்கள். அலங்காநல்லூரைச் சேர்ந்த பறைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ. துட்டி வீட்டுக்கு மட்டும் என்று ஒதுக்கிவைத்த வாத்தியத்தை எங்கெங்கோ இருக்கும் இளைஞர்களுக்கும் பெண்களுக்கும் சொல்லிக்கொடுத்து மேடையேற்றியவர் அவர். மறுநாள் காலை எங்கள் ஆசான் வீட்டுக்கு ஓடினேன். செய்தி ஏற்கெனவே வந்துவிட்டது. வாசலில் வைக்கோல் புகைந்துகொண்டிருந்தது, பறையைக் காய்ச்சிக்கொண்டிருந்தார். கல்லூரியில் படிக்கும் பேரன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். அதுவரை அந்தக் குச்சியைத் தொடமாட்டேன் என்றிருந்த பையன். டில்லியில் ஒருவருக்குக் கிடைத்த விருது பாலமேட்டு ரோட்டில் ஒரு பையனின் கையில் குச்சியை எடுத்துக் கொடுத்தது. விருதுகளால் என்ன பயன் என்று யாராவது உங்களிடம் கேட்டால் இதைச் சொல்லுங்கள்.

அடுத்தது குழு. "பத்துக் கலைஞர்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். தலைவர்களை மட்டும் எண்ணியிருக்கிறீர்கள் என்று சந்தேகிக்கிறேன். ஒரு கரகாட்ட செட் என்றால் ஆடுகிறவர்களோடு முடிந்துவிடாது. ஆட்டத்துக்கு வாசிக்கும் நையாண்டி மேளத்தில் நாதஸ்வரம் இரண்டு, தவில் இரண்டு, பம்பை, தாளம் என்று ஆட்கள் இருக்கிறார்கள். பம்பைக்காரர் ஒரு நொடி பிசகினால் தலையில் கரகத்தோடு நிற்கும் பெண்ணின் கால் பிசகும். நோட்டீஸில் "மற்றும் குழுவினர்" என்று போடாதீர்கள். ஒவ்வொருவரிடமும் பெயர் கேட்டு, அவர் வாசிக்கும் வாத்தியத்தையும் சேர்த்து அச்சடியுங்கள். சால்வை வாங்கப் பணம் போதவில்லையா? எல்லோருக்கும் நல்ல பருத்தித் துண்டு போடுங்கள்.

எங்கள் பக்கத்து நாடகத்தில் இன்னும் ஒரு நுணுக்கம் உண்டு. ஸ்பெஷல் நாடகம் என்று சொல்கிறோமே, அதில் நிலையான குழுவே கிடையாது. ராஜபார்ட் என்னும் கதாநாயகன் ஓர் ஊரிலிருந்து, ஸ்திரீபார்ட் என்னும் நாயகி வேறு ஊரிலிருந்து, கோமாளியாக வரும் பபூன் ஓர் ஊரிலிருந்து, ஆர்மோனியம், மிருதங்கம் எல்லாம் தனித்தனியாகப் பேசி வருவார்கள். ஒத்திகை இல்லாமல் அன்றிரவே மேடையில் சந்தித்து விடிய விடிய வள்ளி திருமணமோ பவளக்கொடியோ நடத்துவார்கள். சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) வகுத்துக் கொடுத்த பாடல்களும் வசனமும் எல்லோருக்கும் மனப்பாடம் என்பதால்தான் அது முடிகிறது. 1918-இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கிப் பிள்ளைகளைப் பழக்கியவர் அவர். நாடகத்துக்கு ஆள் தேடினால் மதுரை சுண்ணாம்புக்காரத் தெருவில் உள்ள நாடக நடிகர் சங்கத்தில் விசாரியுங்கள். கைதட்டல் வாங்கும் ராஜபார்ட்டை எல்லோரும் கௌரவிக்கிறார்கள். இரவு பத்து மணிக்கு உட்கார்ந்தால் விடியும்வரை எழுந்திருக்காத ஆர்மோனியக்காரரை நீங்கள் கௌரவியுங்கள்.

பெண் கலைஞர்கள் வந்தால், தாழ்ப்பாள் உள்ள ஓர் அறையும் கழிப்பறையும் ஏற்பாடு செய்யுங்கள். இதைச் சொல்ல வேண்டுமா என்று கேட்காதீர்கள். எத்தனையோ ஊர்களில் சேலையைத் திரையாகக் கட்டிக்கொண்டு அதற்குப் பின்னால் உடை மாற்றியதை ஒரு கரகாட்ட அக்கா எங்களிடம் சொன்னார். எங்கள் ஊரில் பள்ளிக்கூட அறையைச் சாவியோடு கொடுத்தோம். சால்வையைவிட அந்தச் சாவியைத்தான் அவர் பெரிதாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

சம்பளம். கௌரவிக்கிறோம் என்பதால் இலவசமாக ஆடச் சொல்லாதீர்கள். பேசிய தொகையை மேடை ஏறுவதற்கு முன்பே உறையில் போட்டுக் கொடுத்துவிடுங்கள். போக்குவரத்துச் செலவு தனி. பத்துப் பேரை அழைப்பதற்குப் பதில் நான்கு பேரை அழைத்தால் உங்கள் ஐம்பதாயிரம் சரியாக இருக்கும்.

எந்த மாதம் வைப்பது என்பதையும் யோசியுங்கள். பங்குனி, சித்திரை, வைகாசிதான் அவர்களுக்குச் சீசன். அந்த மூன்று மாதச் சம்பாத்தியத்தை வைத்துத்தான் மற்ற மாதங்களைத் தள்ள வேண்டும். 2020-இலும் 2021-இலும் ஊரடங்கு சரியாக அந்தச் சீசனில் விழுந்தது. தவிலை அடகு வைத்தவரை எனக்குத் தெரியும். நாங்கள் விழா தொடங்கியதற்கே அதுதான் காரணம். நாங்கள் கார்த்திகையில் வைக்கிறோம். வேலை இல்லாத காலத்தில் வரும் ஒரு சம்பளத்தின் அருமை வாங்குகிறவர்களுக்குத் தெரியும்.

காகிதம் ஒன்றைச் சொல்ல மறந்துவிடக் கூடாது. தமிழ்நாடு நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியம் இருக்கிறது. பிள்ளைகளின் படிப்பு, திருமணம், கண் கண்ணாடி, ஈமச்சடங்கு என்று உதவிகள் உண்டு. நலிந்த நிலையில் இருக்கும் வயதான கலைஞர்களுக்கு மாத நிதியுதவித் திட்டம் இருக்கிறது. மாவட்டக் கலை மன்றம் வயதுவாரியாகக் கலை இளமணி, கலை வளர்மணி, கலைச்சுடர்மணி, கலை நன்மணி, கலை முதுமணி என்று ஐந்து விருதுகள் வழங்குகிறது. ஆனால் எதற்கு விண்ணப்பித்தாலும் எத்தனை வருடமாக எங்கே ஆடினீர்கள் என்று காட்ட வேண்டியிருக்கும். நாற்பது வருடம் வாசித்த எங்கள் ஆசானிடம் ஒரு புகைப்படம்கூட இல்லை. நாங்கள் அச்சடித்த நோட்டீஸையும் எழுதிக் கொடுத்த சான்றிதழையும் மேடையில் எடுத்த படத்தையும் இணைத்துத்தான் அவருடைய விண்ணப்பங்களைப் போட்டோம். எனவே சான்றிதழில் அலங்காரச் சொற்களைக் குறைத்து, கலைஞரின் முழுப் பெயர், கலை, எத்தனை ஆண்டு அனுபவம், விழா நடந்த தேதி, இடம் ஆகியவற்றைத் தெளிவாக எழுதுங்கள். விழா முடிந்த மறு வாரம் படித்த பிள்ளைகள் இருவரை ஒவ்வொரு கலைஞர் வீட்டுக்கும் அனுப்பிப் படிவங்களை நிரப்பித் தரச் சொல்லுங்கள். கேடயத்தை விற்று மருந்து வாங்க முடியாது.

மண்ணை மறக்க வேண்டாம். உங்கள் பக்கத்தில் அய்யனாருக்கு மண்குதிரை எடுக்கும் புரவி எடுப்பு உண்டல்லவா? ஊர் சார்பாகப் பிடிமண் கொடுத்த பிறகுதான் மண் வேலை செய்யும் வேளார் அய்யனாருக்குக் குதிரை செய்யத் தொடங்குவார். ஒரு கைப்பிடி மண்ணைக் கொடுத்து, "எங்கள் ஊருக்காக நீ செய்" என்று கேட்கும் அந்த வழக்கத்தைவிட அழகான அழைப்பை நான் கண்டதில்லை. வெற்றிலையோடு வீட்டுக்குப் போகிற யோசனைக்குக் குழுவில் எல்லோரும் சம்மதித்தது இந்த வழக்கத்தை நினைத்துத்தான்.

கடைசியாக, தங்களைக் கலைஞர் என்று நினைக்காதவர்களைத் தேடுங்கள். மதுரைப் பல்கலைக்கழகத்திலிருந்து நாட்டுப்புறப் பாடகி விஜயலட்சுமி நவநீதகிருஷ்ணனும் அவருடைய கணவரும் ஊர் ஊராகப் போய்ப் பாட்டுச் சேகரித்தார்களே, அவர்களுக்குப் பாடிக் காட்டியவர்கள் வயல்காட்டு மனிதர்கள்தான். அந்த அம்மாவுக்கு 2018-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. பாடிக் காட்டியவர்கள் இன்னும் உங்கள் தெருவிலேயே இருக்கலாம்.

எங்கள் ஊரில் முளைப்பாரிக்குக் கும்மிப் பாட்டு எடுத்துக் கொடுக்கும் அப்பத்தா ஒருவர் இருக்கிறார். இருட்டறையில் வைத்த பயறு முளைவிடுவதிலிருந்து ஆற்றில் கரைப்பதுவரை ஒவ்வொரு நாளுக்கும் ஒரு பாட்டு வைத்திருக்கிறார். போன ஐப்பசியில் தட்டோடு அவர் வீட்டுக்குப் போனோம். "எனக்கா? நான் சும்மா பாடுகிறவள், ஐயா. மேளக்காரர்கள் யாருக்காவது கொடுங்கள்" என்று தட்டைத் தள்ளிவிட்டார். மூன்று தடவை போனோம். நான்காவது தடவை, அவரிடம் கும்மி கற்ற பெண்கள் பதினோரு பேரை அழைத்துக்கொண்டு போனோம். மேடைக்குத் தனியாக வரமாட்டேன், இவர்களும் வந்தால் வருகிறேன் என்றார். விழாவன்று நாற்காலியில் உட்கார மறுத்து, வட்டத்தின் நடுவில் நின்று பாட்டெடுத்தார். பாடி முடிக்கும்வரை நாங்கள் துண்டோடு ஓரமாகக் காத்துக்கொண்டிருந்தோம்.