குறைந்த பட்ஜெட்டில் கேம்கார்டர்: ஆப்டிகல் ஜூமா, டிஜிட்டல் ஜூமா?

கையில் பணம் குறைவாக இருக்கும்போது கேம்கார்டரில் எதை முதலில் பார்ப்பது? என் பதில், ஆப்டிகல் ஜூம்.

லென்ஸுக்குள் இருக்கும் கண்ணாடி வில்லைகள் நகர்ந்து, தூரத்துக் காட்சியைப் பெரிதாக்கி, படத்தைப் பதிவு செய்யும் சில்லான சென்சார் முழுவதும் விழச் செய்வதுதான் ஆப்டிகல் ஜூம். அதனால் விவரங்கள் தொலைவதில்லை. டிஜிட்டல் ஜூமில் லென்ஸ் அசைவதே இல்லை. படத்தின் நடுப்பகுதியை வெட்டி, இழுத்துப் பெரிதாக்குகிறது, அவ்வளவுதான். ஃபுல் எச்டி படத்தில் சுமார் 20 லட்சம் புள்ளிகள் உண்டு. அதை 2 மடங்கு இப்படி இழுத்தால் அகலமும் பாதி, உயரமும் பாதி. மிஞ்சுவது 5 லட்சம்தான். மீதியைக் கேமரா ஊகித்து நிரப்புகிறது.

மேடைக்குப் பக்கத்தில் போய்ப் பார்ப்பதற்கும், கடைசி வரிசையிலிருந்து எடுத்த போட்டோவை ஜெராக்ஸில் பெரிதாக்கிப் பார்ப்பதற்கும் உள்ள வித்தியாசம் இது.

அப்புறம், வெளி மைக் செருக இடம் இருக்கிறதா என்றும் பாருங்கள். படம் கொஞ்சம் மங்கினால் பொறுத்துக்கொள்ளலாம், பேச்சே கேட்காவிட்டால் வீடியோ வீண்.

பெட்டியில் ‘400 மடங்கு ஜூம்’ என்று பெரிதாகப் போட்டிருந்தால் அதுதான் சக்தி வாய்ந்தது என்று பலர் நினைக்கிறார்கள். அது பெரும்பாலும் டிஜிட்டல் கணக்கு, ஒப்பிட வேண்டியது ஆப்டிகல் ஜூம் என்று தனியாகக் குறித்திருக்கும் எண்ணை.