உங்கள் மகன் கறித்தட்டுச் சீட்டு வாங்கினாரா?

கேள்வி: என் மகன் ஆஸ்திரேலியாவில் ஆல்பரி என்ற ஊரில் வேலை பார்க்கிறான். அங்கே ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை சனிக்கிழமை ஆனால் ஊரே ஃபுட்பால் மைதானத்தில்தானாம். ஆடுகிறவர்கள் தச்சர், மாட்டுப்பண்ணைக்காரர், பள்ளிக்கூட வாத்தியார். ஒரு காசு வாங்காமல் ஊருக்காக ஆடுகிறார்களாம். நாம் இங்கே கிரிக்கெட்டை ஏலம் போட்டு விற்கிறோம். உங்களுக்கு வெட்கமாக இல்லையா? (திருச்செங்கோட்டிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: வெட்கப்பட எனக்கு வேறு காரணங்கள் நிறைய இருக்கின்றன, இதை விட்டுவிடுங்கள். தச்சரும் வாத்தியாரும் ஆடுவது நிஜம். "ஒரு காசு வாங்காமல்" என்கிறீர்களே, அங்கேதான் உதைக்கிறது.

மற்ற வாசகர்களுக்காக ஒன்று. இது நம் ஃபுட்பால் அல்ல, ஆஸ்திரேலியன் ரூல்ஸ் என்ற அவர்களுடைய ஆட்டம். பந்தும் முட்டை வடிவம், மைதானமும் முட்டை வடிவம். பக்கத்துக்குப் 18 பேர், கையாலும் அடிக்கலாம், காலாலும் உதைக்கலாம். இரு முனையிலும் நான்கு நான்கு கம்பங்கள். நடு இரண்டுக்குள் உதைத்தால் 6 புள்ளி, ஓரத்தில் போனால் 1. ஆல்பரியில் உங்கள் மகன் பார்ப்பது ஓவன்ஸ் அண்ட் மர்ரே லீக்காகத்தான் இருக்க வேண்டும். இரண்டு ஆறுகளின் பெயர் அது. விக்டோரியாவுக்கும் நியூ சவுத் வேல்ஸுக்கும் எல்லையே மர்ரே ஆறுதான், லீக் இரண்டு கரையிலும் ஆடுகிறது. தொடங்கியது 1893இல். அதே ஆண்டு, அதே ஆற்றங்கரையில் கொரோவா என்ற சின்ன ஊரில்தான் காலனிகளை எல்லாம் ஒரே நாடாக இணைப்பது பற்றி ஒரு மாநாடு கூடியது. நாடு பிறக்க 1901 ஆயிற்று. அதாவது, ஆஸ்திரேலியா என்ற நாட்டை விட இந்த லீக்குக்கு வயது எட்டு கூடுதல்.

சரி, காசுக்கு வருவோம்.

1930இல் மெல்போர்னின் பெரிய லீக் ஒரு சட்டம் போட்டது. எவ்வளவு பெரிய ஆட்டக்காரனாக இருந்தாலும் ஒரு ஆட்டத்துக்கு 3 பவுண்டுக்கு மேல் கொடுக்கக்கூடாது. சட்டத்தின் மை காயும் முன்பே மாட்டியவர் ஓர் ஆல்பரிப் பையன், ஹேடன் பன்டன். அவரைத் தன் பக்கம் இழுக்க ஃபிட்ஸ்ராய் கிளப் 200 பவுண்டுக்கு மேல் மொத்தமாகக் கொடுக்க முன்வந்தது வெளியே வந்துவிட்டது. 1930 சீசன் முழுக்க அவரை ஆட விடவில்லை. 1931இல் இறங்கினார். முதல் ஆண்டே லீக்கின் மிகச் சிறந்த, மிக நேர்மையான ஆட்டக்காரருக்கான பிரௌன்லோ பதக்கம். நேர்மைக்குமானது என்பதைக் கவனியுங்கள்! 1932இல் மறுபடி, 1935இல் மூன்றாம் முறை. உங்கள் மகன் இருக்கும் ஊர் உலகுக்குக் கொடுத்த மிகப் பெரிய ஆட்டக்காரரின் கதையே பணத் தகராறில்தான் தொடங்குகிறது.

அந்த 3 பவுண்டு சட்டத்துக்கு ஒரு பின்விளைவு உண்டு. உச்சவரம்பு மெல்போர்னில், கிராமத்தில் இல்லை. அதனால் பணம் எதிர்த்திசையில் ஓட ஆரம்பித்தது. பாப் ரோஸ் என்று ஒருவர், காலிங்வுட் கிளப்பின் நட்சத்திரம். கிளப்பின் சிறந்த ஆட்டக்காரர் விருதை நான்கு முறை வாங்கியவர், 1953இல் பட்டம் வென்ற அணியில் இருந்தவர். 27 வயதில், உச்சத்தில் இருக்கும்போதே, 1956 சீசனுக்கு மூட்டை கட்டிக்கொண்டு ஓவன்ஸ் அண்ட் மர்ரே லீக்கில் ஆடும் வாங்கரட்டா என்ற ஊரின் ரோவர்ஸ் கிளப்புக்கு கேப்டனும் கோச்சுமாகப் போய்விட்டார். நகரத்தில் சட்டப்படி தர முடியாததைக் கிராமத்துக் கிளப் கொடுத்தது. கோதுமையும் கம்பளியும் நன்றாக விலை போன காலம். அதுவரை இந்த லீக்கில் பட்டமே வென்றிராத ரோவர்ஸ் 1958இலும் 1960இலும் வென்றது. இரண்டு ஆண்டும் லீக்கின் சிறந்த ஆட்டக்காரர் பதக்கம் யாருக்கு என்று நான் சொல்லவும் வேண்டுமா? இன்றும் வாங்கரட்டாவில் ரோஸ் பெயரைச் சொன்னால் பெரியவர்கள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். காசுக்கு வந்தவர்தானே என்று அங்கே யாரும் முகம் சுளிப்பதில்லை. காசுக்கு வந்தார், வந்தபின் அந்த ஊர்க்காரர் ஆனார்.

இதெல்லாம் பழங்கதை என்பீர்கள். புதுக்கதையும் இருக்கிறது. இதே லீக்கின் 2022 இறுதிப் போட்டியில் வாங்கரட்டா மேக்பைஸ் அணி யாரவோங்காவை ஒரு கோலுக்கும் குறைவான வித்தியாசத்தில் வென்றது. (ஆம், 20 ஆயிரம் பேரைத் தொட்டும் தொடாமலும் இருக்கும் ஊரில் இரண்டு கிளப். ஒன்று மேக்பைஸ், மற்றது ரோவர்ஸ். சம்பந்தம் செய்வதற்கு முன் எந்தக் கட்சி என்று விசாரிப்பார்களோ என்னவோ.) கொண்டாட்டம் முடிந்து கணக்கைப் பார்த்தால், சம்பள உச்சவரம்பை மீறிக் கொடுத்திருக்கிறார்கள். 2023இல் பட்டம் பறிக்கப்பட்டது. உச்சவரம்பு என்ற ஒன்று இருந்தால்தானே மீற முடியும்? சம்பளம் இருந்தால்தானே உச்சவரம்பு இருக்கும்? விக்டோரியாவின் ஊர் லீக்குகளில் அது 2017இல் வந்தது. அதற்குச் சற்று முன்பே புள்ளி முறை ஒன்றும் வந்துவிட்டது. அந்தக் கிளப்பிலேயே வளர்ந்த பையனுக்கு 1 புள்ளி, வெளியூரிலிருந்து வருகிறவருக்கு ஏறிக்கொண்டே போகும், நாட்டின் உச்ச லீக்கான ஏஎஃப்எல்லில் ஆடிவிட்டு வந்தால் 6. களத்தில் இறங்கும் அணியின் கூட்டுத்தொகை ஒரு வரம்பைத் தாண்டக்கூடாது. தொடர்ந்து அடி வாங்கும் கிளப்புக்கு வரம்பைக் கொஞ்சம் தளர்த்துவார்கள். ஊர்ப்பாசத்துக்கு எண் போட்டு, கூட்டிக் கழித்துப் பார்க்கிற ஏற்பாடு!

பட்டத்தைப் பறித்தது சரியா என்று கேட்டால், சரிதான் என்பேன். மைதானத்தில் புரண்டு எழுந்த பையன்களுக்கு அது கொடுமைதான். ஆனால் பக்கத்து ஊர் ஒருவரை வாங்கினால் நாம் இருவரை வாங்க வேண்டும் என்று கிளப் கமிட்டிகள் போட்டி போட்டுக் கடனில் விழாமல் காக்கத்தான் உச்சவரம்பே.

ஏன் கொடுக்கிறார்கள் என்பதை உங்கள் மகன் கவனித்திருக்க மாட்டார். பன்னிரண்டாம் வகுப்பு முடிந்தால் பிள்ளைகள் மெல்போர்னுக்குப் போய்விடுகிறார்கள், படிக்கவும் பிழைக்கவும். நெடுஞ்சாலையில் மூன்று மணி நேரத் தூரம். சனிக்கிழமைதோறும் அந்தப் பையன் தூக்கம் விட்டுக் காரோட்டி ஊருக்கு வந்து ஆட வேண்டும் என்றால், பெட்ரோலுக்கும் அலைச்சலுக்கும் யாராவது கொடுக்கத்தானே வேண்டும்? அப்புறம், பட்டியலைப் பாருங்கள். லீக்கில் பத்து கிளப். அதில் ஐந்து, ஆற்றின் இரு கரையிலும் இருக்கும் ஆல்பரி, வொடோங்கா இரட்டை நகரங்களைச் சேர்ந்தவை. இரண்டு வாங்கரட்டா. மிச்சம் மூன்றுதான் சின்ன ஊர்கள். முன்பு இருந்த பெனல்லா என்ற ஊர் 1997 சீசனோடு வேறு லீக்குக்குப் போய்விட்டது. முன்பு புகையிலை விளைந்த பள்ளத்தாக்கில் இருக்கும் மிர்ட்டில்ஃபோர்ட் இந்தப் பட்டத்தை ஒரே ஒரு முறை, 1970இல் வென்றது. இன்னமும் ஆடிக்கொண்டிருக்கிறது.

பணம் இருந்தும் ஆள் இல்லை என்றால் என்ன ஆகும் என்பதற்கு அந்த மாநாட்டு ஊர் கொரோவாவே சாட்சி. அக்கரை ரதர்க்லெனோடு சேர்ந்துதான் பல காலமாக ஒரே கிளப். இணைப்புக்கோடு போட்ட பெயரைப் பார்த்தாலே தெரியும், இரண்டு ஊராலும் தனித்தனியாக நிற்க முடியவில்லை என்று. அந்தக் கொரோவா-ரதர்க்லென் 2023 சீசனுக்கு அணி திரட்ட முடியாமல் ஓராண்டு ஒதுங்கியது. வாங்கரட்டாவின் பட்டம் போன அதே ஆண்டு. ஒருவரிடம் கொடுக்கக் கூடாத அளவுக்குப் பணம், இன்னொருவரிடம் இறங்க ஆளில்லை. எனக்கு முதல் செய்தியை விட இரண்டாவதுதான் பெரிதாகப் பட்டது, பத்திரிகைகளுக்கு முதலாவது. 2024இல் கிளப் திரும்பி வந்துவிட்டது.

உங்கள் மகன் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது என்றும் ஒப்புக்கொள்கிறேன். சம்பளமெல்லாம் சீனியர் அணிக்குத்தான், அதிலும் எல்லோருக்கும் ஒரே அளவில்லை. அதற்கு முன்னால் அதே மைதானத்தில் ஆடும் ரிசர்வ்ஸ் என்ற இரண்டாம் அணியும் சின்னப் பையன்களும் சந்தா கட்டி ஆடுகிறவர்கள். பக்கத்துத் தரையில் காலையிலிருந்து பெண்களின் நெட்பால் நடந்துகொண்டிருக்கும், ஒன்றன்பின் ஒன்றாகப் பல அணிகள். அது இல்லையென்றால் பாதிக் குடும்பம் வராது. கேண்டீனில் 'மீட் பை' என்ற கறி அடைத்த பண்டத்தைச் சுட வைப்பவர், கோட்டுக்குச் சுண்ணாம்பு போடுபவர், ஜெர்சி துவைப்பவர் யாருக்கும் ஒரு டாலர் கிடையாது.

நானும் ஒரு ஆகஸ்ட் சனிக்கிழமை அப்படி ஒரு மைதானத்தில் நின்றிருக்கிறேன். குளிர் எலும்பைக் கடித்தது. எல்லைக்கோட்டைச் சுற்றிக் கார்களை மூக்கு உள்ளே பார்க்க நிறுத்தியிருந்தார்கள். கோல் விழுந்தால் கைதட்டல் இல்லை, ஹாரன்தான். எனக்குப் பக்கத்துக் காரில் ஒரு தாத்தா, கடைசி வரை இறங்கவில்லை. தன் அணி கோல் அடித்தால் நீளமாக ஹாரன் அடிப்பார். எதிரணி அடித்தால் வைப்பரை ஒருமுறை ஓடவிட்டு நிறுத்துவார். அவ்வளவுதான் விமர்சனம். இடைவேளை சைரன் ஒலித்ததும் ஜனங்கள் அப்படியே மைதானத்துக்குள் இறங்கி, ஆட்டக்காரர்கள் வட்டத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்கள். கோச் வெள்ளைப் பலகையில் காந்த வில்லைகளை நகர்த்திக் கத்திக்கொண்டிருந்தார். ஒருவர் மானம் பறந்துகொண்டிருந்தது. திட்டு வாங்குகிறவரின் மனைவி இடுப்பில் குழந்தையோடு நாலடி தூரத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார், முகத்தில் கோச்சோடு முழு உடன்பாடு தெரிந்தது. சேப்பாக்கத்தில் நாம் எவ்வளவு கொடுத்தால் அந்த இடத்தில் நிற்க விடுவார்கள்?

கடைசியாக ஒன்று. அந்தச் சம்பளம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டீர்களா? வாசல் கட்டணம், பீர் விற்பனை, டிராக்டர் கடைக்காரர் தரும் விளம்பரம், இதையெல்லாம் தாண்டிக் கறித்தட்டுக் குலுக்கல். உள்ளூர் கசாப்புக் கடைக்காரர் ஒரு தட்டு நிறைய ஆட்டுத் துண்டுகளும் சாஸேஜும் அடுக்கிக் கொடுப்பார். யாராவது ஒரு அம்மாள் கூட்டத்துக்குள் நுழைந்து டிக்கெட் விற்பார். அடுத்த சனிக்கிழமை உங்கள் மகனை நாலு சீட்டு வாங்கச் சொல்லுங்கள். வாங்கும்போது அந்த அம்மாளிடமே கேட்கட்டும், இந்தப் பணம் யாருக்குப் போகிறது என்று. மைதானத்துப் பக்கம் கையை நீட்டி, நம்பர் சொல்லிக் காட்டுவார்.